இன்று என் விலங்குக்கு என்ன பலன்? சீன ராசிபலன் பார்க்கும் மனதின் உளவியல்

காலையில் கண் விழித்ததும் கைபேசியை எடுத்து, "இன்று குதிரைக்கு எப்படி? முயலுக்கு எப்படி?" என்று பார்க்கும் பழக்கம் இன்று சீனர்களோடு நின்றுவிடவில்லை. முன்பு ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர் சீன நாளிதழ்களின் ஒரு மூலையில் வந்துகொண்டிருந்த விலங்கு ராசிபலன், இப்போது செயலிகள் வழியாகவும் குறுங்காணொளிகள் வழியாகவும் எல்லோர் கைக்கும் வந்து சேர்கிறது. பார்ப்பவர்களில் படித்தவர்கள் உண்டு, "எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் மறுநாள் காலையில் மீண்டும் பார்க்கிறார்கள்.

நம் சமுதாயத்துக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பும் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் சைனாடவுனுக்குள்தான் நிற்கிறது. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சீனர்களின் குவான் இன் கோயிலும் ஒரே தெருவில் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகச் சீன அண்டை வீட்டாரோடும் சக ஊழியர்களோடும் பழகி வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தங்கள் "விலங்கு" எது என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

"இது மார்க்கத்தில் கூடாது" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கூடாது என்று தெரிந்தவரும் ஏன் பார்க்கிறார் என்பதைப் புரிந்துகொண்டால்தான், விடுவதற்கும் விடுவிப்பதற்கும் வழி தெரியும்.

பன்னிரண்டு விலங்குகளின் கணக்கு

சீன முறையில் பிறந்த ஆண்டைக் கொண்டு ஒருவருக்கு ஒரு விலங்கு வருகிறது. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி எனப் பன்னிரண்டு விலங்குகள். இவற்றோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து மூலகங்களும், யின், யாங் என்ற இரு தன்மைகளும் சேர்கின்றன. எல்லாம் சேர்ந்து 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழற்சி முடிந்து, அதே ஆண்டு திரும்பி வரும். தமிழ் ஆண்டுப் பெயர்களும் 60 ஆண்டுச் சுழற்சியில்தான் வருகின்றன என்பதால் நமக்கு இது எளிதில் விளங்கும்.

இந்தக் கணக்கு மிகப் பழையது. சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் ஷூய்ஹூதி என்ற இடத்தில் 1975இல் தோண்டிய ஒரு கல்லறையில் மூங்கில் பட்டைகளில் எழுதிய நாள் நூல்கள் கிடைத்தன. அவை கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எந்த நாளில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதே அவற்றின் உள்ளடக்கம். அதில் விலங்குப் பட்டியலும் இருக்கிறது. எதற்காகத் தெரியுமா? எந்த நாளில் பொருள் திருடு போனது என்பதை வைத்துத் திருடனின் முக அடையாளத்தைச் சொல்வதற்காக! ஆக, தொலைந்ததைத் தேடும் பதற்றத்தில் இருப்பவனுக்கு ஒரு விடை தருவது அன்றைக்கே இதன் வேலைகளில் ஒன்றாக இருந்திருக்கிறது.

அன்றாடப் பலன் எப்படித் தயாராகிறது? ஆண்டுக்கு விலங்கு இருப்பதுபோல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலங்கு உண்டு. எலிக்கு எதிரே குதிரை, எருதுக்கு எதிரே ஆடு, புலிக்கு எதிரே குரங்கு, முயலுக்கு எதிரே சேவல், டிராகனுக்கு எதிரே நாய், பாம்புக்கு எதிரே பன்றி. இவை மோதும் இணைகள். எலி, டிராகன், குரங்கு என்பதுபோல மூன்று மூன்றாகப் பொருந்தும் கூட்டணிகளும் உண்டு. இன்று எலி நாள் என்றால், குதிரை ஆண்டில் பிறந்தவருக்கு இன்று "மோதல் நாள்". பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் எலி நாள் வரும், மீண்டும் மோதல் வரும். ஒரு நாள்காட்டியும் விரல்களும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையின் மீது அதிர்ஷ்ட நிறம், அதிர்ஷ்ட எண், "பேச்சில் நிதானம் தேவை" போன்ற வாசகங்கள் பூசப்படுகின்றன.

இதில் ஒரு எளிய கேள்வி எழுகிறது. உலக மக்கள் தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு விலங்குக்கு ஏறத்தாழ 66 கோடிப் பேர். இத்தனை பேருக்கும் இன்று ஒரே பலனா? இன்னும் அருகில் பார்ப்போம். விலங்கு ஆண்டைக் கொண்டு வருவதால், ஒரு பள்ளி வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு விலங்குகளுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவன் அன்றைய தேர்வில் முதல் மதிப்பெண் எடுப்பான், ஒருவன் காய்ச்சலில் படுத்திருப்பான், ஒருத்திக்குத் தம்பி பிறந்திருப்பான். பலன் ஒன்றுதான், நாள்கள் நாற்பது விதம்.

சீனர்களுக்குள்ளேயே இதைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங் என்ற அறிஞர், எலி நீர், குதிரை நெருப்பு, நீர் நெருப்பை வெல்லும் என்கிறீர்களே, அப்படியானால் எந்த எலியாவது குதிரையைத் துரத்தியதுண்டா என்று கேலியாகக் கேட்டார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வி. கேள்வி சரி என்றாலும் பழக்கம் போகவில்லை. ஏனென்றால் அதன் வேர் வாதத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

"எனக்காகவே எழுதியதுபோல் இருக்கிறதே!"

ராசிபலன் பார்ப்பவர்கள் அதிகம் சொல்லும் வார்த்தை இதுதான். இதற்கு உளவியலில் ஒரு புகழ்பெற்ற விடை உண்டு.

அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைச் சோதனை வைத்தார். சில நாள்கள் கழித்து ஒவ்வொருவருக்கும் "இது உன்னுடைய முடிவு" என்று தனித்தனியே ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி மதிப்பெண் 4.26. அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைக் கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டியிருந்தார்.

"மற்றவர்கள் உங்களை மதிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்", "உங்கள் திறமையை இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை" என்பது போன்ற வார்த்தைகள் யாருக்குத்தான் பொருந்தாது? பொதுவாகச் சொன்னதை நாம் நம் வாழ்க்கைச் செய்திகளைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம். "இன்று நெருங்கியவர் ஒருவரால் மனச் சங்கடம்" என்று படித்ததும், மனைவி முகம் சுளித்ததோ, அண்ணன் போனை எடுக்காததோ நினைவுக்கு வரும். எழுதியவர் ஒரு வெற்றுப் பாத்திரத்தைத்தான் நீட்டினார், அதை நிரப்பியவர்கள் நாம். இதை ஃபோரர் விளைவு என்றும் பார்னம் விளைவு என்றும் அழைக்கிறார்கள்.

சீன ராசியில் விலங்கு ஒன்று இருப்பது இதற்கு மேலும் வலு சேர்க்கிறது. புலி என்றால் துணிவு, எருது என்றால் உழைப்பு, குரங்கு என்றால் சாதுரியம். எண்ணைவிட, நட்சத்திரத்தைவிட, ஒரு விலங்கின் உருவம் மனத்தில் சட்டென ஒட்டிக்கொள்கிறது. "நான் புலியாக்கும்" என்று ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கிவிட்டால், அது பலன் என்ற நிலையைத் தாண்டி அவனுடைய அடையாளமாகிவிடுகிறது.

பலித்தது நினைவிருக்கும், பலிக்காதது மறந்துவிடும்

மனித மனம் தான் எதிர்பார்ப்பதற்கு ஒத்த செய்திகளைப் பொறுக்கி எடுக்கும். ஒவ்வாதவற்றைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடும். உளவியல் இதை உறுதிப்படுத்தும் சார்பு என்கிறது.

ஹாங்காங்கில் ஒரு வழக்கம் உண்டு. சீனப் புத்தாண்டையொட்டி ஷா டின் பகுதியிலுள்ள சே குங் கோயிலில் நகரத்துக்காக ஒருவர் குறிக்குச்சி எடுப்பார். 2003ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் ஓர் அரசு உயரதிகாரி எடுத்தது மிகக் கெட்ட பலன் கொண்ட குச்சி. அடுத்த சில வாரங்களில் சார்ஸ் நோய் நகரைத் தாக்கியது. ஹாங்காங்கில் மட்டும் 299 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து "குச்சி முன்கூட்டியே சொன்னது" என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

ஆனால் சார்ஸ் அண்டை மாநிலமான குவாங்டோங்கில் 2002 நவம்பரிலேயே தோன்றிவிட்டது. குச்சி எடுப்பதற்கு முன்பே நோய் புறப்பட்டுவிட்டது. குச்சியில் நோயின் பெயரோ, வரும் வழியோ, தற்காப்போ இல்லை. ஒரு உயிரைக் காக்க உதவும் ஒரு சொல்கூட அதில் இல்லை. நடந்து முடிந்த பிறகுதான் அதற்குப் பொருள் கிடைத்தது. மற்ற ஆண்டுகளில் எடுத்த குச்சிகள் என்ன சொல்லின, அவற்றில் எத்தனை பலிக்கவில்லை என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அன்றாடப் பலனிலும் இதேதான். மாதத்துக்கு முப்பது பலன் படித்து, அதில் இரண்டு பொருந்திவிட்டால், அந்த இரண்டைத்தான் உறவினர்களிடம் சொல்வோம்.

கைப்பிடி தளரும்போது குறி தேடும் மனம்

மக்கள் எப்போது அதிகம் குறி பார்க்கிறார்கள்? வாழ்க்கை தங்கள் பிடியில் இல்லை என்று உணரும்போது.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1910களில் பசிபிக்கின் டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்தார். அங்குள்ள மீனவர்கள் அமைதியான உட்கழியில் மீன் பிடிக்கப் போகும்போது மந்திரம் எதையும் நாடவில்லை. அங்கே ஆபத்தில்லை, மீனும் நிச்சயம். ஆனால் ஆபத்து நிறைந்த ஆழ்கடலுக்குப் போகும்போது விரிவான மந்திரச் சடங்குகள் செய்தார்கள். ஆள் ஒருவரே, தொழிலும் ஒன்றே. நிச்சயமின்மைதான் வேறு.

2008இல் ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. கட்டுப்பாட்டை இழந்த உணர்வுக்கு ஆளானவர்கள், வெறும் புள்ளிகள் சிதறிய படங்களிலும் இல்லாத உருவங்களைக் கண்டார்கள். தொடர்பில்லாத நிகழ்ச்சிகளுக்கு இடையே தொடர்பும் கண்டார்கள்.

நம் வீடுகளில் இது எப்போது நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்கு வரன் அமையாமல் தள்ளிப்போகும்போது, வெளிநாட்டு வேலைக்கு விசா வருமா என்று காத்திருக்கும்போது, கடை வியாபாரம் படுக்கும்போது, மருத்துவப் பரிசோதனை முடிவு வரவேண்டிய நாளில். அந்த நேரத்தில் மனம் தேடுவது உண்மையை அல்ல. "இன்று என்ன நடக்கும்" என்று யாராவது உறுதியாகச் சொல்ல மாட்டார்களா என்றே அது ஏங்குகிறது. கெட்ட பலன்கூடச் சிலருக்கு ஆறுதல் தருகிறது. காரணம் தெரியாத துன்பத்தைவிட, "மோதல் நாளாம், அதனால்தான்" என்று ஒரு காரணம் கிடைத்த துன்பம் தாங்க எளிதாகத் தோன்றுகிறது.

நம்பாதவர்களும் ஏன் பார்க்கிறார்கள்?

"சும்மா பார்ப்பேன், நம்ப மாட்டேன்" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. 2016இல் உளவியலாளர் ஜேன் ரைசன் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. மனத்தில் சட்டென எழும் உள்ளுணர்வு ஒன்று, நிதானமாகச் சிந்திக்கும் அறிவு ஒன்று. அறிவு "இது தவறு" என்று கண்டுகொண்ட பிறகும் உள்ளுணர்வைத் திருத்தாமல் விட்டுவிடுவதுண்டு என்கிறார் அவர். "பார்ப்பதால் என்ன நஷ்டம்? பார்க்காமல் போய் ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற கணக்கில் அறிவு தோற்றுப்போகிறது. இலாபத்தின் இனிப்பைவிட இழப்பின் கசப்பு மனத்தில் கூடுதலாக உறைக்கும் என்பதும் உளவியல் நன்கு நிறுவிய செய்தி.

இதோடு பழக்கத்தின் வலையும் சேர்கிறது. உளவியலாளர் ஸ்கின்னர் 1948இல் புறாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தீனி விழும். தீனி விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவையே புறாக்கள் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று வட்டமாகச் சுற்றியது, ஒன்று தலையை ஆட்டியது. அந்த அசைவுதான் தீனியைக் கொண்டுவந்தது என்று நினைத்தனபோல் நடந்துகொண்டன.

பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் பழக்கம் மிக உறுதியாக வேரூன்றுகிறது என்பதும் இத்தகைய ஆய்வுகள் தந்த பாடம். தினப்பலன் அப்படித்தான் அமைந்திருக்கிறது. இன்று நல்ல பலனா கெட்ட பலனா என்று திறந்தால்தான் தெரியும். நல்லது வந்தால் மகிழ்ச்சி, கெட்டது வந்தால் நாளை சரியாகுமா என்ற ஆவல். இரண்டுமே மறுநாள் திறக்க வைக்கின்றன. பார்த்தவுடன் பதற்றம் சற்றுத் தணிகிறது. அந்தத் தணிவுதான் பொறி. தணிந்த பதற்றம் அடுத்த நாள் கூடுதலாக வரும், மீண்டும் பார்த்தால்தான் தணியும். காலப்போக்கில், பார்க்காமல் வீட்டைவிட்டு வெளியே போக முடியாத நிலையும் சிலருக்கு வந்துவிடுகிறது.

விளையாட்டு வினையான கதைகள்

"ஒரு பொழுதுபோக்குதானே" என்பவர்கள் ஜப்பானின் 1966ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

அது 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் முரட்டுக் குணம் கொண்டவளாக இருப்பாள், கணவனுக்கு ஆகாது என்பது அங்கே நிலவிய நம்பிக்கை. 1965இல் ஜப்பானில் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966இல் அது 13.6 லட்சமாகச் சரிந்தது. 1967இல் மீண்டும் 19.4 லட்சமாக உயர்ந்தது. போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோய் இல்லை. ஒரு விலங்கின் பெயர் மட்டுமே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிறப்பைக் குறைத்துவிட்டது. அதற்கு முந்தைய நெருப்புக் குதிரை ஆண்டான 1906இல் பிறந்த பெண்களுக்கு, மணவயது வந்தபோது வரன் கிடைப்பதே சிரமமானது. அவர்கள் செய்த குற்றம் என்ன? பிறந்தது மட்டும்தான். 2026 பிப்ரவரி 17இல் தொடங்கும் சீன ஆண்டும் நெருப்புக் குதிரை ஆண்டுதான். அதனால்தான் இந்தப் பேச்சு இப்போது மீண்டும் அடிபடுகிறது.

டிராகன் ஆண்டில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. டிராகன் பிள்ளை அதிர்ஷ்டசாலி என்று நம்பி, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர்ச் சீனர்களிடையே 1976, 1988 போன்ற ஆண்டுகளில் பிறப்பு கூடியது. நாசி மோகன், ஹான் யூ என்ற பொருளியல் ஆய்வாளர்கள் சீனாவின் டிராகன் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அவர்கள் தேர்வுகளில் உண்மையிலேயே நன்றாகச் செய்திருப்பதைக் கண்டார்கள். அப்படியானால் ஜோதிடம் உண்மையா? இல்லை. அந்தப் பிள்ளைகளின் தன்னம்பிக்கையில் மற்றவர்களைவிட வேறுபாடு எதுவும் இல்லை. வேறுபாடு பெற்றோரிடம் இருந்தது. "இவன் டிராகன், பெரிய ஆளாக வருவான்" என்று நம்பி, அவனுக்காகக் கூடுதல் நேரத்தையும் பணத்தையும் செலவிட்டார்கள். பிள்ளையை உயர்த்தியது பெற்றோரின் கவனமே. அதே கவனத்தை ஆட்டு ஆண்டில் பிறந்த பிள்ளைக்கும் கொடுத்திருக்கலாம் அல்லவா?

1993இல் டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. அமெரிக்காவில் இறந்த 28,169 சீன வம்சாவளியினரின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பிறந்த ஆண்டுக்கும் வந்த நோய்க்கும் சீன மரபுப்படி ஆகாது என்று கருதப்படும் பொருத்தம் இருந்தவர்கள், அதே நோய் வந்த மற்றவர்களைவிட 1.3 முதல் 4.9 ஆண்டுகள் வரை முன்னதாக இறந்திருந்தார்கள். மரபில் பற்று அதிகமானவர்களிடம் இந்த இடைவெளியும் அதிகம். வெள்ளையர்களிடம் அப்படி எதுவும் காணப்படவில்லை. பின்னாளில் பொருளியலாளர் கேரி ஸ்மித் இந்த முடிவை மறுத்து எழுதினார் என்பதால், இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் "எனக்கு விதி இவ்வளவுதான்" என்று நம்பிவிட்ட நோயாளி மருந்தையும் முயற்சியையும் எப்படிக் கைவிடுவார் என்பதை நாம் நம் உறவுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

மார்க்கம் கை வைத்த இடம்

இத்தனையும் படித்த பிறகு, நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும்.

நபியவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தப் பிள்ளையின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பேச்சுதானே என்று நபியவர்கள் அதை விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். துக்கத்தின் நடுவிலும், ஒன்றாக நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை முடிச்சுப் போடும் மனப்போக்கை முளையிலேயே கிள்ளினார்கள்.

அன்றைய அரபியர் ஷவ்வால் மாதத்தில் திருமணம் செய்வது ஆகாது என்று எண்ணினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திருமணம் ஷவ்வாலில்தான் நடந்தது. இல்லறம் தொடங்கியதும் ஷவ்வாலில்தான். தம்மைவிட நபியவர்களிடம் அன்பைப் பெற்றவர் யார் என்று அவர்கள் பின்னாளில் கேட்டதாக ஹதீஸில் வருகிறது. அச்சத்துக்கு வாதத்தால் மட்டுமல்ல, வாழ்ந்து காட்டியும் பதில் சொன்னார்கள்.

குறிகாரனிடம் போய்க் கேட்டால் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கையை நாம் அறிவோம். நம்பாவிட்டாலும் கேட்பதே ஆபத்து என்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது! "சும்மா பார்க்கிறேன்" என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதை மேலே கண்டோம்.

அதேசமயம் விரலைச் சீனர்களை நோக்கி மட்டும் நீட்டுவது நேர்மையாகாது. ஸஃபர் மாதம் பீடை மாதம் என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்ததும், ஒடுக்கத்துப் புதனுக்கு மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடித்ததும், பால் கிதாபைத் திறந்து பலன் பார்த்ததும் நம் ஊர்களில்தான். விலங்கின் பெயர் இல்லை என்பதைத் தவிர, மனம் ஒன்றுதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், பார்ப்பவரை ஏளனம் செய்யாதீர்கள், ஏசாதீர்கள். அவர் திறப்பது செயலியை என்றாலும், அவரைத் திறக்க வைப்பது ஏதோ ஒரு பயம். "எதை நினைத்துக் கவலைப்படுகிறாய்?" என்று கேளுங்கள். தேர்வு, வேலை, திருமணம், கடன், உடல்நலம் என்று ஏதாவது ஒன்று வெளிவரும். பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

இரண்டாவது, செயலியின் அறிவிப்புகளை நிறுத்துங்கள், முடிந்தால் செயலியையே நீக்குங்கள். காலையில் பலன் பார்த்த அந்த ஐந்து நிமிடத்துக்கு வேறொன்றை வையுங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு காலை திக்ருகள், அன்று செய்ய வேண்டிய மூன்று வேலைகளைத் தாளில் எழுதுவது எனப் பழக்கம் இருந்த இடத்தில் இன்னொரு பழக்கம் உட்கார்ந்தால்தான் பழையது போகும். முதல் சில நாள் மனம் அலைபாயும். அது தணிந்துவிடும்.

மூன்றாவது, வளர்ந்த பிள்ளைகள் "எனக்குப் பொருந்துகிறதே" என்று வாதிட்டால், கடந்துபோன ஒரு நாளின் பழைய பலன்கள் பன்னிரண்டையும் விலங்கின் பெயர்களை அடித்துவிட்டுக் கொடுங்கள். அந்த நாளுக்குத் தனக்குப் பொருந்தியது எது என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பிறகு பெயர்களைக் காட்டுங்கள். ஃபோரரின் பாடம் ஒரு தாளில் முடிந்துவிடும்.

நான்காவது, முடிவெடுக்கத் தடுமாறும் வீட்டில் மஷூராவையும் இஸ்திகாராவையும் வழக்கமாக்குங்கள். இஸ்திகாரா நாளை நடக்கப் போவதைச் சொல்லும் குறி அல்ல. விவரம் அறிந்தவரிடம் கலந்து, கையில் இருக்கும் தகவலை எடைபோட்டு, முடிவில் நன்மையை அல்லாஹ்விடம் கேட்டு, நிதானமாக அடியெடுத்து வைக்கும் முறை அது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கயிறு எங்கே என்று தேடாமல் ஒட்டகத்தின் ராசியைத் தேடுவதில் பயனில்லை.

ஐந்தாவது, பிள்ளைகளுக்கு எந்த முத்திரையும் குத்தாதீர்கள். "இவள் பிறந்த நேரம்தான்", "இவன் வந்த பிறகுதான் நஷ்டம்" போன்ற பேச்சுகள் நம் வீடுகளிலும் உண்டு. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, பார்க்காவிட்டால் கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை, "கெட்ட நாள்" என்று பள்ளிக்கோ வேலைக்கோ போக மறுக்கிறார் என்றால், அது அறிவுரையால் தீர்வதல்ல. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டிய நிலை. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவம் செய்வதும் தவக்குல்லின் ஒரு பகுதிதான்.

கடைசியாக ஒன்று. சீன நண்பர் புத்தாண்டில் தம் விலங்கைப் பற்றி ஆசையாகப் பேசினால் முகம் திருப்ப வேண்டியதில்லை. அது அவர்களுடைய பண்பாடு. மரியாதையோடு கேட்கலாம், நலம் விசாரிக்கலாம். "உங்கள் விலங்கு எது?" என்று அவர் கேட்டால், "நாங்கள் அதைப் பார்ப்பதில்லை" என்று புன்னகையோடு சொல்லலாம். நாளை என்ன நடக்கும் என்பது மறைவானது, அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. இன்று செய்ய வேண்டியது மட்டும் நம் கையில் இருக்கிறது, அதைச் செய்யப் பலன் பார்க்கத் தேவையில்லை.